சத்தம் என்னுடையது

முதல் சனிக்கிழமையே லோர்னா எண்ட்விசில்
(பெயரிலேயே விசில் வைத்திருப்பவள்)
கறாராகச் சொல்லிவிட்டாள்:
சத்தம் என்னுடையது, அதில் கை வைக்காதே.
பந்து கம்பத்தில் பட்டு ‘தட்’ என்றால்
உனக்கு முன்பே எனக்குத் தெரியும்.
நீ கால்களை மட்டும் சொல்.

ரேவன்ஸ்கில் மைதானம், கிழக்குக் கொட்டகை.
தகரக் கூரை, நானூற்றுப் பத்துப் பேர்,
என் வாயருகே ஒரு மைக், அவள் காதில் ஒரு குமிழ்.
‘பார்வையற்றோருக்கான வர்ணனையாளர்’ என்று
என் கழுத்தட்டையில் அச்சிட்டிருந்தார்கள்.
பார்வையற்றோர் என்று அவள் ஒருத்திதான் இருந்தாள்.

ஓடுகிறான், என்றேன்.
எப்படி?
வேகமாக.
அது இரைப்பிலேயே கேட்கிறது. எப்படி ஓடுகிறான்?

அன்றிரவு அகராதியோடு உட்கார்ந்தேன்.
‘ட்ராட்’: அவசரமில்லாத குதிரை.
‘டார்ட்’: விளக்கடியில் பல்லி.
‘லர்ச்’: கடைசிப் பேருந்தும் அதில் ஏறுகிறவனும்.
‘சைடில்’: பாக்கி வைத்தவன்
கசாப்புக் கடையைக் கடக்கிற விதம்.
பிறந்ததிலிருந்து பேசுகிற மொழி,
அதற்கு இத்தனை கால்கள் இருப்பது தெரியாமல்
‘ஓடினான்’ ஒன்றை வைத்தே ஓட்டியிருக்கிறேன்.

வாராவாரம் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனேன்.
மழை பாதியை அழிக்கும்.

சத்தச் சொல் ஒன்றுக்கு ஒரு சிப்ஸ் அபராதம்.
‘ஸ்ப்ளாஷ்’ என்று உளறியதற்கு ஒன்று.
‘க்ரஞ்ச்’ என்றதற்கு, பொட்டலத்திலேயே நீளமானது.
ஹின்ச்க்ளிஃப் விளம்பரப் பலகைக்குள்
‘க்ராஷ்’ ஆனபோதுதான் வழக்கு வந்தது:
அது சத்தமா, அசைவா?
இடைவேளை முழுக்க வாதாடினோம்.
கடைசியில் ஒரு துண்டைப் பிட்டு
பாதியைத் திருப்பிக் கொடுத்தாள்.

டிப்போவில் சம்பளக் கணக்கு எழுதுகிறவள்.
எதுவும் நேர் செய்யப்பட வேண்டும் அவளுக்கு.
சமனில் முடிந்தால் ‘டிரா’ என்கிறீர்கள்,
வரைவதற்கும் அதே சொல்தான்.
இன்றைய டிராவை எவனாவது
வரைந்து காட்டுவானா, கேள், என்பாள்.

ஜனவரி. கோப்பை ஆட்டம்.
அறுபதாவது நிமிடம் ஆற்றுப் பக்கமிருந்து
மூடுபனி நுழைவுச்சீட்டில்லாமல் ஏறி வந்தது.
முதலில் தூரத்துக் கோல்கம்பம் போனது.
அப்புறம் நடுவட்டம்.
அப்புறம் கொடி பிடித்த கோட்டு நடுவர், கொடியோடு.

வெள்ளை, என்றேன் மைக்கில்.
வெள்ளை.
இன்னும் வெள்ளை.

லோர்னா காதுக் குமிழைக் கழற்றி
என் காதில் செருகினாள்.
மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மூன்று ஜோடி பூட்ஸ், இடப்பக்கம்.
ஒருவன் விழுந்துவிட்டான், சேறு சளப்பென்றது.
எவனோ தன் பெயரையே கத்துகிறான், பந்து கேட்டு.
யாரும் தரவில்லை.
இரு.
புறங்காலால் ஒரு அடி, கன்னத்தில் அறைந்த மாதிரி.

பிறகு ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததற்குள்ளே
ஏதோ உதிர்ந்தது.

கோல், என்றாள்.

மூன்று நாள் மழையைக் குடித்திருந்த வலை
நீரை ஒரே உதறலில் விட்ட ஒலியாம் அது.
அதற்கு எங்கள் மொழியில் சொல் இருக்கிறதா என்று
இன்னமும் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

நடுவர் ஊதினார். கோலுக்கு அல்ல.
ஆட்டம் கைவிடப்பட்டது என்று ஒலிபெருக்கி இருமியது.
எந்த ஏட்டிலும் ஏறாத கோல்,
எங்கள் இருவரிடம் மட்டும் கிடந்தது.

யார் அடித்தது?
ஹின்ச்க்ளிஃப், என்றேன்.
பதினோரு ஆட்டமாக ஒன்றும் அடிக்காதவன்.
எப்படிப் போனான்?
டார்ட்.

இடைவேளைக்கு முன்பே வெளியே போய்விட்டான் அவன்.
‘ஹாபிள்’, வலது கணுக்கால்.
நீதான் சொன்னாய்.

பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.
ஆறி, வினிகரில் ஊறிப்போயிருந்தது.
விரலால் துழாவி ஒன்றை எடுத்தாள்.
தின்னவில்லை, பிடித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பச் சொல், என்றாள்.
பல்லி விளக்கடிக்கு வருகிறதிலிருந்து.