காத்திருப்புக் கட்டணம்

பாயான் லெப்பாஸில் ஏறியவர்
பின்கதவைத் தொடவில்லை, முன்னால் வந்து உட்கார்ந்தார்.
வட கரோலினாவில் முப்பது வருடம்
பள்ளிப் பேருந்து ஓட்டியவராம்.
பின்சீட்டில் உட்கார்ந்தால் வயிற்றைப் புரட்டும் என்றார்.

கழுத்தில் கட்டம் போட்ட கம்பளி டை.
பினாங்கு வெயிலில்!
சிவப்பு விளக்கில் நிற்கும்போது
ஒவ்வொரு கோடாகத் தொட்டுக் காட்டினார்:
இந்தப் பச்சை எங்கள் குடி,
இந்த ஒல்லி மஞ்சள்
பகையாளி வீட்டில் பெண் எடுத்தபோது சேர்ந்தது.
நான் முழுதாக நம்பவில்லை.
கல்யாண வீட்டில் எங்கள் ஆட்கள்
பரம்பரை பேசுவது போலவே இருந்தது.

மூன்று பேர், ஒரே தாய் வயிற்றில்.
ஸ்காட்லாந்து மேட்டில் ஆடுகளோடு ஒருவன் தங்கிவிட்டான்.
மேற்கே கப்பலேறியவன் வழியில் இவர்.
கிழக்கே வந்தவன்
செபராங் பிறையில் கரும்புத் தோட்டம் பார்த்தான்,
ஒரே ஒரு கடிதம் போட்டான்:
இங்கே மழை நம் ஊர் மழை இல்லை,
கோபித்துக்கொண்டு பெய்கிறது.

பெயர் லாக்லன் மக்கஸ்கில்.
மக் என்றால் மகன் என்றார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எங்களுக்கும் அப்படித்தான் சார்,
மக, மகன், மகள், மக்கள்.
ஓரமாக நிறுத்தச் சொல்லி
நோட்டில் எழுதிக்கொண்டார்.

உங்கள் ஆட்கள் எந்த ஊர்?
பட்டர்வொர்த்.
அதற்கு முன்?
பட்டர்வொர்த்தேதான். ரயில்வே குவார்ட்டர்ஸ்.
அதற்கும் முன்?

அவர் மடியில் பதினோரு தலைமுறை
சுருள் பிரிந்து கியர் மேல் விழுந்து கிடந்தது.
என் அடையாள அட்டையில்
தவமணி ஏ/பி சின்னப்பையன்.
அந்தச் சாய்கோடு ஒன்றுதான் என் மரத்துக்குக் கிளை.
சின்னப்பையனின் அப்பா
பத்திரத்தில் கறையான் தின்ற இடத்தில் இருக்கிறார்.

வெள்ளைக்காரர் இடுகாட்டில்
கெம்போஜாப் பூ மிதிபட்டுக் கிடந்தது.
ஒரு கல்லை அவர் நகத்தால் சுரண்டினார்.
சுரண்டாதீர்கள் என்று
கைப்பையிலிருந்து முகப்பவுடரை எடுத்துக் கொட்டி
உள்ளங்கையால் தேய்த்தேன்.
எழுத்து வெள்ளையாக எழுந்து வந்தது:
மக்
அவ்வளவுதான். அப்புறம் கல் உரிந்திருந்தது.
கீழே, வயது இருபத்தாறு. காய்ச்சல்.

மக் என்று தொடங்குவது
இந்த வரிசையிலேயே நாலு என்றார் காவலாளி ஹம்டான்.

டையைக் கழற்றிக்
கல்லைச் சுற்றிக் கட்டப் பார்த்தார்.
நீளம் போதவில்லை.
சுருட்டிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு சொன்னார்,
யாரோ ஒருவரின் மகன். சரி.

கரும்பு வெட்டியவர்களுக்குக் கல் கிடையாது,
பவுடர் போட இடமில்லை.
அதைச் சொல்லவில்லை. கேட்டேன்:
கடிதத்தில் வேலையாட்களைப் பற்றி ஏதாவது?
கொஞ்ச நேரம் பூவைப் பார்த்தார்.
ஒரு வரி இருக்கிறது.
‘நூற்றுப் பன்னிரண்டு, எல்லாம் நல்ல நிலையில்.’
ஆட்களைச் சொன்னானா மாடுகளைச் சொன்னானா என்று
எங்கள் வீட்டில் இன்னும் சண்டை.

வண்டியில் இருவரும் பேசவில்லை.
ஏர்கோன் மட்டும் பேசியது.

காத்திருந்ததற்கு நாற்பது ரிங்கிட்.
நூறு நீட்டினார், மிச்சம் வேண்டாம் என்றார்.
அறுபதை எண்ணி
அவர் கையிலேயே வைத்தேன்.

இரவு பாலத்தில் வீடு திரும்பும்போது
ஸ்டீயரிங்கில் என் விரல்கள் ஐந்தும் வெள்ளையாக.
தீவுக்கு வரும்போதுதான் டோல்.
திரும்பிப் போகிறவர்களை யாரும் கேட்பதில்லை.
விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டே ஓட்டினேன்.
நூற்றுப் பன்னிரண்டுக்கு அப்புறமும்
கடல் இருந்தது.