கூடும்

குவோபியோ ஆய்வுக்கூடத்தில்
நாற்பத்திரண்டு எலிகள்.
நீரிழிவை ஊசியில் ஏற்றியது நான்தான்.
பாதி எலிகளின் தீவனத்தில் மட்டும்
காட்டு நீலப்பழத் தோலிலிருந்து பிரித்த
கருநீலப் பொடியைக் கலந்தேன்.

பன்னிரண்டாம் வாரம்
ஒவ்வொரு கண்ணாக அறுத்துப் பார்த்தோம்.
நிறமி தின்ற எலிகளின் மெல்லிய குழாய்கள்
கொஞ்சம் குறைவாகக் கசிந்திருந்தன.
கொஞ்சம்.
அன்றிரவு அறிக்கையின் கடைசி வரியை
ஏழு முறை அடித்துத் திருத்தினேன்:
இது விழித்திரையைக் காக்கக்கூடும்.

கூடும்.
நான் பயந்ததெல்லாம் அந்தச் சொல்லுக்குள் இருந்தது.
எலி மனிதன் அல்ல என்பது.
பன்னிரண்டு வாரம் இருபது வருடம் அல்ல என்பது.
வேறொரு கூடத்தில் வேறொருத்தி செய்தால்
வேறாக வரலாம் என்பது.

உள்ளூர்ச் செய்தித்தாளில் இடம் குறைவு.
'காட்டுப்பழம் கண்ணைக் காக்கும்'
என்று போட்டார்கள்.
பார்த்தேன். சிரித்தேன்.
திருத்தச் சொல்லி எழுதவில்லை.

ஆய்வு நிதி தீர்ந்து மூன்று ஆகஸ்டுகள் போயின.
இப்போது நான்
கண் பரிசோதனை வண்டியில் படம் எடுப்பவள்.
இலோமன்ட்சியில், கடை வாசலில் நிறுத்தியிருந்தோம்.
ஐமோ ரெய்யோனென், மரலாரி ஓட்டுநர்,
தாடையைத் தாங்கியில் வைத்தார்.
வெளிச்சம் வெட்டியது.
திரையில் அவருடைய வலது கண்:
சதுப்பில் பஞ்சுப்புல் பூத்தாற்போல் வெள்ளைத் திட்டுகள்,
நடுநடுவே
யாரோ மிதித்துப்போன பழங்களாய் இரத்தம்.

"லேசருக்குக் கூப்பிட்டார்களே, போகவில்லையா?"
"பழம் சாப்பிடுகிறேனே."
பர்ஸைத் திறந்து
நாலாய் மடித்த தாளை நீட்டினார்.
மடிப்புகளில் மை உதிர்ந்திருந்தது.
'காக்கும்' மட்டும் மடிப்பில் படவில்லை.

நான் யாரென்று சொல்ல வாயெடுத்தேன்.
அடுத்தவர் கதவைத் தட்டினார்.

இடது கண்ணுக்கு இன்னும் நேரமிருக்கிறது.
மாவட்ட மருத்துவமனை, வியாழன், எட்டரை மணி.
அவர் படிக்கும்படி பெரிய எழுத்தில்
என் கையாலேயே எழுதினேன்:
கட்டாயம் போங்கள்.

"அப்போ பழத்தை நிறுத்திவிடவா?"
"ஏன்? சாப்பிடுங்கள். சர்க்கரை போடாமல்."
தலையாட்டினார்,
லாரியின் எடையைக் குறித்துக்கொள்பவர்போல.

சாயங்காலம் வண்டிப் படியில்
ஒரு பெயின்ட் வாளி. அவர்தான் வைத்திருக்க வேண்டும்.
இலை, சுள்ளி, ஓர் எறும்பு,
கருநீலப் பழத்துக்குச் சமமாய்ச் செங்காய்கள்.
அந்தக் கண் பறித்தது.
பொறுக்கிப் போடாமல் தின்றேன்.
புளிப்பு.
ஓட்டுநர் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன்,
குழந்தைபோல, யாரும் பார்க்கிறார்களா என்று
திரும்பிப் பார்த்துக்கொண்டு.

வியாழன், எட்டு நாற்பது.
மருத்துவமனைக்கு அழைத்தேன்.
"ரெய்யோனென் வந்தாரா?"
இரண்டு 'னெ'யா என்று கேட்டாள் வரவேற்பில் இருந்தவள்.
ஒன்றுதான் என்றேன்.
விசைப்பலகைச் சத்தம்.
இருங்கள், பார்க்கிறேன் என்றாள்.