முன்னால் ஒன்று, பின்னால் நாலு

பஞ்சிகாவத்தையில் மழை விட்டால்
தெரு முழுக்க ஒயில் மிதக்கும்.
அதில் செருப்பை நனைத்தபடி
மூன்றாவது சனிக்கிழமையாகக் கேட்கிறேன்:
பீட்டில் கியர் பொக்ஸ் இருக்கா,
இரண்டு பக்கமும் மூடி உள்ளது?
சட்டிபானைக் கடை அடுத்த ரோட்டில் என்றான் ஒருவன்.

முதலில் வாங்கியது ஒற்றை மூடி.
எனக்கு அப்போது வித்தியாசம் தெரியாது.
மிஃப்லால் கடையின் பின்கட்டில்
லான்சர் கதவுகளுக்கு அடியில் கிடந்தது.
எண்பத்தையாயிரம் என்றான், எழுபதுக்கு விட்டான்.
ஓட்டோவில் அதைப் பின்சீற்றில் படுக்கவைத்து
நான் டிரைவர் பக்கத்தில் அரைக்குண்டியில்.
ஆமர் வீதியில் பொலிஸ் மறித்தது.
என்ன இது?
கியர் பொக்ஸ் சேர்.
வாகனம் எங்கே?
நல்ல கேள்வி.

வாகனம் கொட்டாஞ்சேனையில்
கிளைவ் வீட்டு முன்றலில், தார்ப்பாய்க்குக் கீழே.
வத்தளையில் வள்ளம் வார்க்கும் பட்டறையில்
யாரோ வார்ப்பித்த ஃபைபர் உடம்பு.
அந்த ஆள் மெல்பேர்ன் போய்விட்டார்,
அளவுகள் எழுதிய கொப்பியையும்
அந்த அளவுகளின் பிழைகளையும் விட்டுவிட்டு.
கதவு இல்லை. தரை பாதி இருந்தது.
எஞ்சின் நம் முதுகை ஒட்டி இருக்கவேண்டுமாம்,
அதனால் பெட்டியைத் தலைமாறிப் பூட்டினோம்.

ஜாக்கில் தூக்கி முதல் கியர் போட்டேன்.
சக்கரம் சுற்றியது. கிளைவ் கைதட்டினான்.
பக்கத்து வீட்டு ஜன்னலில் இருந்து
பேர்லின் அன்ரி கேட்டா:
ஏன் மகன், பின்னுக்கு சுத்துது?

இரண்டாவது, பின்னுக்கு.
மூன்றாவது, இன்னும் வேகமாகப் பின்னுக்கு.
நாலாவதைச் சொல்லவே வேண்டாம்.
ரிவர்ஸ் போட்டேன்.
மெல்ல, மிக மெல்ல
முன்னால் சுற்றியது.
கிளைவ் நாட்டைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தான்.
வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

கிரவுண் வீலை மறுபக்கம் மாற்றினால் சரி.
அதற்குப் பெட்டி இரண்டு பக்கமும் திறக்கவேண்டும்.

கடைசியில் அது கடையிலேயே இல்லை.
கிராண்ட்பாஸில் ஒரு தேங்காயெண்ணெய் ஸ்டோரில்
இரும்புக் கதவு காற்றுக்கு அடிக்காமல்
முட்டுக்கொடுத்துக்கொண்டு இருந்தது.
இரண்டு பக்கமும் மூடி. மேலே பூனை.
காசு பிரச்சினை இல்லை என்றார் முதலாளி,
கதவுக்கு என்ன வைக்கிறது?

அடைப்பைக் கழற்ற, கித்துள் பாணிபோல
கறுப்பாய் இறங்கியது,
கந்தக வாடை மூன்று நாள் சோற்றிலும் இருந்தது.
காந்தத்தில் இரும்புத் தூள் மீசை.
இரண்டாம் கியர் வளையத்தின் பற்கள்
நக்கித் தீர்ந்த சூப்புமுட்டாய்.
பழைய பெட்டியை அறுத்து
வளையம், ஃபோர்க், இரண்டு பேரிங், ஒரு ஸ்பிரிங்
எல்லாம் இதற்கு மாற்றினோம்.

மாளிகாவத்தையில் லயனல் பாஸின் பிரெஸ்.
பல்லும் பல்லும் எங்கே தொடுகின்றன என்று பார்க்க
நீல மை வேண்டும், அவரிடம் முடிந்திருந்தது.
பேர்லின் அன்ரியின் லிப்ஸ்டிக்கைப் பூசினோம்,
கத்தரிப்பூ நிறம்.
பாஸ் கடதாசி மாதிரி மெல்லிய ஒரு வாஷரை வைத்தார்,
விரலால் அசைத்தார், எடுத்தார்,
இன்னொன்று வைத்தார்.
தவ டிக்கக், தவ டிக்கக் என்று
தனக்குத்தானே ஆறு தரம்.
ஏழாவது தரம் ஒன்றும் சொல்லவில்லை.
பல்லின் நடு வயிற்றில்
கச்சிதமாக ஒரு உதட்டுத் தடம்.

இப்போது நாலும் முன்னால் போகின்றன.
மூன்றாவதில் ஒரு முனகல்.
ஓட்டிப்பார்க்கத்தான் தரை இல்லை.
மேசையில் ஒரு வாஷர் மிச்சம்,
எங்கிருந்து வந்தது என்று இருவருக்கும் தெரியாது.

நேற்று மிஃப்லால் கோல் எடுத்தான்.
அந்த ஒற்றை மூடி இருக்கா? ஆள் வந்திருக்கு,
தொண்ணூறு தருவான்.
உள்ளே ஒன்றுமில்லை என்றேன்.
சும்மா கோது. கிராண்ட்பாஸில்
ஒரு கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு கேட்டான்:
கோது என்ன விலை?