றாத்தல்

ஏறாவூர், காலை ஐந்தே முக்கால்.
போறணை இன்னும் மூச்சு விடுகிறது.
ஜீப்பில் வந்திறங்கியவர்
டிஜிட்டல் தராசைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.
மட்டம் சரியில்லை என்று
அடியில் ஒரு சிகரெட் மட்டையைச் செருகினார்.

நாலு பாண் நிறுத்தார்.
நானூற்றி முப்பத்தொன்று.
நாற்பது.
நாற்பத்தி நாலு.
ஓரம் கருகினது, வெறும் இருபத்தாறு.
"நானூற்றைம்பது இருக்கோணும்."

"சேர், நான் கிராம் விக்கல்ல.
றாத்தல் பாண் விக்கிறன்."

அவர் சிரிக்கவில்லை, எழுதினார்:
மீராலெப்பை சுபைதீன், பேக்கரி உரிமையாளர்.
மாக்கையால் கையெழுத்து வைக்கும்போது
நான் கேட்டது இது ஒன்றுதான்.
வெள்ளைக்காரன் விட்டுப்போன றாத்தலில்
நானூற்றி ஐம்பத்து மூன்றரைக் கிராம்.
சட்டம் ஐம்பதோடு நிறுத்திக்கொண்டது.
மிச்ச மூன்றரையை
எந்தத் தராசில நிறுத்தீங்க?

பேனை ஒரு கணம் நின்றது.
பிறகு வழக்குத் திகதியை எழுதியது.

ஜீப் திரும்பிய புழுதிக்குள்ளால்
ஐயங்கேணிப் பொடியன் ஒருத்தன் வந்தான்.
"அரை றாத்தல்" என்று காசை நீட்டினான்.
கண்மட்டத்தில் கத்தியை வைத்து அறுத்தேன்.
அவன் பக்கம் கொஞ்சம் கூடிப்போயிற்று.
சிகரெட் மட்டை மட்டும்
கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்தது.