பதினான்கு மீட்டர்

லீவிகாவின் அறைக்குள் அடங்கவில்லை அந்த டேப்.
பதினான்கு மீட்டர், முனைகள் ஒட்டிய ஒரே வளையம்.
ரெக்கார்டரில் கிளம்பி, நாற்காலிக் காலைச் சுற்றி,
கதவு தாண்டி வந்து
நடைவழியில் நான் நீட்டிய பென்சிலில் திரும்பும்.

தாலினில் அன்று மைனஸ் பத்தொன்பது.
நான் லினோலியம் செதுக்குகிறவள், இசை தெரியாது.
ஆடாமல் பிடிப்பது என் பங்கு.

ஓடிக்கொண்டிருந்தது கோப்லி டிராமின் பிரேக்,
எட்டில் ஒரு பங்கு வேகத்தில்,
திமிங்கலம் கொட்டாவி விடுவதுபோல.
ஆறாவது நிமிடம் எனக்கு மூக்கு அரித்தது.
பென்சில் ஒரு விரற்கடை சாய
சுருதி வழுக்கி, விழுந்து,
எழுந்து தன் இடம் தேடியது.

கெடுத்துவிட்டேன் என்று நின்றேன்.
ஹெட்ஃபோனைக் கழற்றாமலே கத்தினாள்:
"என்ன செய்தாய்? இன்னொரு முறை செய்!"

வரவில்லை. வேண்டுமென்றே சொறிந்தால்
அது வேறு சத்தம்.
உர்மாஸ் பிடித்தான். வெல்டிங் கை,
நூல் பிடித்தாற்போல் நேராக ஓடியது டேப்.
"நீ போய்த் தேநீர் போடு" என்று அனுப்பிவிட்டாள்.
நடனமாடும் ஹெல்வே பிடித்தபோது
டிராம் மூச்சு வாங்கியது.
அதை வைத்துக்கொண்டாள்.

இப்போது அவளிடம் கணினி.
எத்தனை நீள வளையமும் கதவு தாண்டுவதில்லை.
நடுக்கத்துக்கென்றே ஒரு குமிழ் உண்டாம்,
சுழியத்திலிருந்து நூறு வரை.

நேற்றிரவு போன் செய்தாள்:
"உன் மூக்கு எத்தனை?"
முப்பத்தேழு என்றேன், வாய்க்கு வந்தபடி.
திருப்பிப் பார்த்திருப்பாள்,
வெகுநேரம் பேச்சில்லை.
"பொய். பென்சிலை எடுத்துக்கொண்டு வா."

கடைசி டிராம் போயிருந்தது.
நடந்தேன்.