ஒரு நிமிடம் நாற்பத்தேழு

முப்பது லட்சம் தேறாத நாடு இது.
எக்லான்தினாவின் பாட்டை
ஏழு கோடி முறை பார்த்திருக்கிறார்கள்.
தொட்டில் பிள்ளையையும் சிறையில் இருப்பவனையும்
சேர்த்துக்கொண்டாலும்
தலைக்கு இருபத்து நான்கு முறை.
என் பங்கு அதைத் தாண்டியிருக்கும்,
வெட்டி ஒட்டியது நான்தானே.

தீரானாவில்
பல் வைத்தியருக்கு மேல்மாடி எங்கள் அறை.
கீழே துளைக்கும் கருவி அலற
மேலே பாஷ்கிம் எண்ணை வாசிப்பான்,
ஜுரம் பார்ப்பவன் போல, மணிக்கொரு தரம்.
ஏறியிருந்தால் மக்கியாட்டோ அவன் செலவு.
இல்லையென்றால் வெளிச்சம் போதவில்லை,
முதல் பத்து நொடிக்குள் கார் வரவில்லை,
நான் சரியில்லை.

எல்பசானில் ஒரு கல்யாணத்துக்குப் பேரம்.
மணப்பெண்ணின் தாய்மாமன்
ராக்கிக் கோப்பையை ஓரம் தள்ளிவிட்டுக்
கைபேசியை எடுத்தார்.
"அந்தப் பொண்ணுக்கு ஒன்பது கோடி. உங்களுக்கு ஏழு.
ஏழுக்கு என்ன விலையோ அதைச் சொல்லுங்க."
தானமாக வந்த மாடில்லையே,
பல்லைப் பிடித்துப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு.
எக்லான்தினா வாயைத் திறந்தாள்.
பாடிக் காட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.
ஆலிவ் கொட்டையைத் துப்பினாள்.
அறுநூறு யூரோ குறைந்தது.

அன்றிரவே பாஷ்கிம் மூன்று கோடி வாங்கினான்.
எங்கே விற்கிறது என்று நான் கேட்கவில்லை.
எங்கோ ஓர் அறை,
அடுக்கடுக்காய்ச் செருகிய கைபேசிகள்,
சத்தம் அடைத்த எல்லாத் திரையிலும்
ஒரே சமயத்தில் அவள் உதடசைக்க,
காவலுக்கு இருக்கும் பையன்
முதுகைக் காட்டிக்கொண்டு நூடுல்ஸ் சாப்பிடுகிறான்
என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

வியாழன், பத்து கோடி.
வெள்ளி காலை
ஆறு கோடியே தொண்ணூறு லட்சம்.
வாங்கியதோடு
இருந்ததிலும் கொஞ்சம் கொண்டுபோயிருந்தார்கள்.
பாஷ்கிம் சட்டை நுனியால் திரையைத் துடைத்துவிட்டு
மறுபடி பார்த்தான்.

அவன் போனதும் வரைபடத்தைத் திறந்தேன்.
எந்த நொடியில் எவ்வளவு பேர் தங்கினார்கள்
என்று காட்டும் கோடு.
கார் வரும், கோடு இறங்கும்.
நீச்சல்குளம், இறங்கும்.
இரண்டாவது உடை, அதற்குக் கடன் இன்னும் அடையவில்லை,
அங்கேயும் இறங்கும்.
ஒரு நிமிடம் நாற்பத்தேழில் மட்டும்
கொசு கடித்த அளவுக்கு ஒரு மேடு.
போனவர்கள் திரும்பி வந்து பார்த்திருக்கிறார்கள்.

டுர்ரெஸ் கடற்கரை அது.
எக்லான்தினாவுக்கு வரி மறந்துவிடுகிறது.
ஓரத்தில் நிற்கும் லுல்சிமைப் பார்த்துப்
புருவத்தைத் தூக்குகிறாள்.
அவன் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்துத்
தோளைக் குலுக்குகிறான்.
யாரும் ஊதாமல் கிளாரினெட் ஒலிக்கிறது.
அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.
இரண்டு நொடி.
வெட்டச் சொல்லியிருந்தார்கள்.
அன்று பசி, மறந்துபோனேன்.

மாலையில் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"இது எத்தனை பேர்?"
ஆள் கணக்கு தெரியாது என்றேன்,
உயரம் மட்டும்தான்.
மேட்டின் மேல் நகத்தை வைத்து
கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தாள்.
"போடு."

என் கணினியில் ஓடுவது எதிலும் சேராது.
நான்கு முறை பார்த்தோம்.
ஐந்தாவதற்குக் கையை நீட்டும்போது
லுல்சிமுக்கு இன்னும் காசு கொடுக்கவில்லை என்றாள்.