கரண்டியின் கனம்

இரத்தத்தைக் குழாயில் கொஞ்சநேரம் நிறுத்தினால்
மேலே ஏடு போல ஒன்று படியுமாம்.
கே.கே. நகர் லேபில் அந்தப் பையன்
டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிக் காட்டினான்.
"தெரியுதாண்ணே?"
தெரியாமல் என்ன,
இருபத்தாறு வருஷமாக அண்டாவில்
அதைத்தானே பார்க்கிறேன்.

கீழவாசல் திருப்பத்தில் என் ஜிகர்தண்டா வண்டி.
விடியலில் அடுப்பேறும் நாற்பது லிட்டர் பால்
உச்சிவெயிலுக்குள் பதினாறாகச் சுண்டி இறங்கும்.
நடுவில் எத்தனை தடவை நாக்கில் வைப்பேன் என்று
எண்ணியதில்லை. எண்ணிய அன்று பதினொன்று.
கரண்டியடியில் ஒட்டியது,
வீணாகக்கூடாதென்று விரலால் வழித்தது
கணக்கில் இல்லை.

"குறைங்க" என்றுதான் டாக்டரம்மா சொன்னார்.
எனக்குக் குறைக்க வராது.
சீட்டாட்டம் விட்டதும் பீடி விட்டதும்
ஒரே வெட்டுத்தான்.
கறி வேண்டாம் முட்டை வேண்டாம்
பால் தயிர் நெய் எதுவும் வேண்டாம் என்று
ஞாயிற்றுக்கிழமை பார்த்தா சொல்லித் தொலைக்க வேண்டும்,
குக்கர் மூன்றாவது விசில் அடித்துக்கொண்டிருந்தது.

ஒச்சம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள்:
"அய்யர் வீட்டுலகூட மோர் ஊத்துறாக.
நீ இப்ப எந்த சாதியிலய்யா சேர்ந்த?"

எனக்கும் விளங்கவில்லை.
புரட்டாசிக்குக் கறியை விட்டவர்
எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருத்தர்.
பாலை விட்டவனுக்கு
மாலையும் இல்லை மாசமும் இல்லை.

உசிலம்பட்டிப் பக்கம் சாமி கும்பிடப் போன இடத்தில்
கெடாக்கறிப் பந்தியில் என் இலையில் ரசஞ்சோறு.
எதிர்வரிசை மச்சான்
துட்டி கேட்க வந்தவர் போலப் பார்த்தார்.
எலும்பு உறிஞ்சும் சத்தம் வரிசையாக வந்து
என்னைத் தாண்டிப் போனது.
வாயில் ஊறியதை
ரசத்தோடு சேர்த்து விழுங்கினேன்.

நிலக்கடலையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால்
சூடான காபியில் திரிந்துபோகும்.
முன்கூட்டி யாரும் சொல்லவில்லை.
பத்து நாள் தலைவலி.
அப்புறம் வரக்காபி,
கம்பங்கூழுக்கு மோர் போய் நீராகாரம்,
கடிக்கச் சின்ன வெங்காயம்.
ரெண்டாம் மாசம் கோரிப்பாளையம் பாலத்தை
சைக்கிள் மிதித்தே ஏறினேன்.
யாரிடமும் சொல்லவில்லை, கண்பட்டுவிடும்.

தொழில்தான் உதைத்தது.
ருசி பார்க்கத் தவசியை வைத்தேன்.
பதினெட்டு வயசு நாக்கு,
கருகினாலும் "சூப்பர்ணே" என்கிறது.
வேறு வழியில்லாமல் கையைப் பழக்கினேன்.
பெரிய கொப்புளம் அடங்கி
சின்னக் கொப்புளம் கிளம்பும்.
கரண்டி சும்மா சுற்றும்,
பிறகு ஒரு சுற்றில்
தூங்கும் பிள்ளையின் தலை போலக் கையில் கனக்கும்.
அங்கே இறக்கிவிட வேண்டும்.

ஒரு ராத்திரி பத்தரை இருக்கும்.
"ரெண்டு ஸ்பெஷல், ஒண்ணுல ஐஸ்கிரீம் தூக்கலா."
ஹெல்மெட்டைக் கழற்றினால், டாக்டரம்மா.
ரெண்டு பேரும் கொஞ்சநேரம்
கிளாஸையே பார்த்தோம்.

"நீங்க இப்ப...?"
"தொடுறதில்லம்மா."

அவர் கரண்டியை உள்ளே விட்டு
அடியில் இருந்த பாசிவரை சுரண்டிக் குடித்தார்.
கேட்கலாமா கூடாதா என்றிருந்தது,
கேட்டுவிட்டேன்:
"இனிப்பு சரியா இருக்காம்மா?"
நிஜமாகவே எனக்குத் தெரியாது.

லேப் ரிப்போர்ட்டைப் படிக்கும் அதே முகத்தோடு
யோசித்துச் சொன்னார்:
"ஒரு பொடி கூட."

மறுநாள் சீனியில் ஒரு கை குறைத்தேன்.
வரிசை வழக்கம்போல் நின்றது.

வண்டியைக் கழுவி மூடும் நேரத்தில்
தட்டில் மிஞ்சிய கடற்பாசியை
வெறுமனே எடுத்து வாயில் போடுகிறேன்.
மாடு சம்பந்தப்படாத ஒரே சரக்கு.
ருசியென்று ஒன்றும் கிடையாது,
குளிர்ந்து
வழுக்கிக்கொண்டு இறங்குகிறது.